ரோஸ் கோல்டு: செம்பு எவ்வளவு, பவுன் எவ்வளவு?

“ஆச்சி, இது ரோஸ் கோல்டுதான். ஆனா அசல் 22 காரட்.” காரைக்குடிக் கடைவீதியில் இந்தப் பேச்சு இப்போது சகஜம். இரண்டில் ஒன்றுதான் மெய்யாக இருக்க முடியும். நகை உள்வரை 22 காரட் என்றால் அதில் ரோஜா நிறம் வராது. ரோஜா நிறம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்றால், ஒன்று மேலே முலாம் ஏறியிருக்கிறது, இல்லை காரட் இறங்கியிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மொத்த வியாபாரி தன்னிடம் சொன்னதை அவர் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கலாம். யார் சொன்னாலும் கணக்கு மாறாது.

22 காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். வேறு உலோகத்துக்கு மிச்சமிருப்பது 84 பங்கு. அந்த 84-ஐயும் முழுக்கச் செம்பாகவே போட்டாலும் நிறம் செம்மஞ்சளோடு நின்றுவிடும். அதற்குச் சாட்சி பழைய செட்டிநாட்டு வீடுகளின் இரும்புப் பெட்டியிலேயே கிடக்கிறது: சவரன் காசு. பிரிட்டிஷ் சவரனின் எடை 7.988 கிராம்; 22 காரட்; அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம், மீதி செம்பு. நாம் இன்றைக்கும் 8 கிராமைப் பவுன் என்று சொல்வது இந்தக் காசின் எடையை வைத்துத்தான். 1918-இல் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். அந்தக் காசில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சிறியதாகப் பொறித்திருக்கும். அப்படியொரு காசை எடுத்து, இன்றைய 22 காரட் சங்கிலிக்குப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சங்கிலி எலுமிச்சை மஞ்சளாகவும் காசு சிவப்போடிய மஞ்சளாகவும் தெரியும். சங்கிலியில் மிச்ச 84 பங்கைச் செம்பும் வெள்ளியும் பகிர்ந்துகொள்வதால் வரும் வேறுபாடு அது. 22 காரட்டில் செம்பால் எட்டக்கூடிய சிவப்பின் எல்லை அந்தக் காசு. அதற்கு மேல் சிவக்க வேண்டுமென்றால் தங்கத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

உலோகங்களில் பெரும்பாலானவை வெள்ளைச் சாயல் கொண்டவை. சட்டென்று கண்ணில் படும் நிறம் உள்ளவை தங்கமும் செம்பும். தங்கம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் மஞ்சள். செம்பு நீலத்தோடு பச்சையையும் பெருமளவு விழுங்குவதால் சிவப்பு. வெள்ளி எதையும் அவ்வளவாக விழுங்காது. மூன்றையும் சேர்த்து உருக்கும்போது செம்பு கூடினால் சிவப்பு, வெள்ளி கூடினால் வெளிறல், அதற்கும் மேலே போனால் இளம்பச்சைச் சாயல். நகைத் தொழிலில் உள்ள எல்லா மஞ்சள், ரோஸ், சிவப்புத் தங்கங்களும் இந்த மூன்றின் விகிதம்தான்.

18 காரட்டில் தங்கம் 75 சதவீதம். மீதி 25 சதவீதத்தை எப்படிப் பங்கு பிரிக்கிறோம் என்பதில் பெயர் மாறும். வெள்ளியும் செம்பும் பன்னிரண்டரை, பன்னிரண்டரை என்று சமமாக இருந்தால் சாதாரண மஞ்சள். வெள்ளி 9, செம்பு 16 என்றால் மென்மையான இளஞ்சிவப்பு. வெள்ளி நாலரை, செம்பு இருபதரை என்றால் கடைகளில் நாம் ரோஸ் என்று பார்க்கும் நிறம். வாட்ச் தொழிலில் கடைசி இரண்டுக்கும் 4என், 5என் என்று தர எண் உண்டு. பட்டறைகளில் அதிகம் புழங்கும் இன்னொரு அளவு செம்பு 22.25, வெள்ளி 2.75. வெள்ளியே இல்லாமல் 25-உம் செம்பு என்றால் அது ரோஸ் என்பதைத் தாண்டிச் சிவப்புத் தங்கம். முரடாக இருக்கும், எனக்கு அதை நகையில் பார்க்கப் பிடிப்பதில்லை. 14 காரட்டில் செம்பு 30-க்கு மேலேயே போகலாம் என்பதால் சிவப்பு இன்னும் ஆழம். விலையும் குறைவு, கறுப்பதும் சீக்கிரம்.

இந்த நிறத்துக்கு உலகச் சந்தையில் வந்த மவுசின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் இது புழக்கத்தில் இருந்ததால் ‘ரஷ்யத் தங்கம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1924-இல் கார்ட்டியே நிறுவனம் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என மூன்று வளையங்கள் பின்னிய மோதிரத்தை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிளாட்டினம் ராணுவத் தேவைக்குப் போனபோது அமெரிக்க நகைக்காரர்கள் ரோஸ் பக்கம் திரும்பினார்கள். 2015-இல் ஐபோன் அந்த நிறத்தில் வந்த பிறகு நம் ஊர்க் கல்லூரிப் பெண்களுக்கும் பெயர் பழகிவிட்டது.

எடையில் கால்வாசி, எண்ணிக்கையில் பாதி

ரோஸ் கோல்டு ஏன் சில சமயம் வளைக்கும்போது பட்டென்று உடைகிறது என்று பல பத்தர்கள் கேட்பதுண்டு. மஞ்சள் தங்கத்தில் கை பழகியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். விவரம் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு தங்க அணு ஒரு செம்பு அணுவைப்போல் மூன்று மடங்கு கனம். அதனால் 75க்கு 25 என்று எடை போட்டுச் சேர்க்கும்போது, அணுக்களின் எண்ணிக்கையில் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி ஆகிவிடுகின்றன. உருகிய நிலையிலும் நன்றாகச் சூடாக இருக்கும்போதும் இந்த அணுக்கள் கலைந்து கிடக்கும். சுமார் 410 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறவிட்டால், ஓர் அடுக்கு தங்கம், ஓர் அடுக்கு செம்பு என்று வரிசை கட்டிக்கொள்ளத் தொடங்கும். 1916-இல் ரஷ்ய வேதியியலாளர் குர்நாக்கோவும் உடன் பணியாற்றியவர்களும் கவனித்துச் சொன்ன விஷயம் இது. வரிசை கட்டிய உலோகம் கடினமாகிவிடும். வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். சரிபாதி என்ற இடத்தில்தான் இந்தத் தொல்லை உச்சம். 22 காரட்டில் செம்பு எவ்வளவு போட்டாலும் அணு எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காய்ச்சிய தகட்டை அப்படியே தரையில் போட்டு ஆறவைத்தே ஆயுள் முழுக்க மஞ்சள் நகை செய்தவருக்கு எதுவும் உடையாமல் போனதற்குக் காரணம் அது.

எனவே 18 காரட் ரோஸை ஒவ்வொரு முறை காய்ச்சியதும் உடனே தண்ணீரில் போட வேண்டும். சுமார் 650 டிகிரி வரை, அதாவது நிழலில் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும்வரை காய்ச்சி, சிவப்பு மறைந்த உடனேயே முக்க வேண்டும். “கொஞ்சம் ஆறட்டும்” என்று பீடி பற்றவைக்கிற நேரம் விட்டாலே தகடு விறைத்துவிடும். வெயில் படும் இடத்தில் உட்கார்ந்து காய்ச்சினால் அந்த மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; முற்றத்து ஓரத்தைவிட உள்ளறைதான் நல்லது. தவறிப்போய் விறைத்துவிட்டால் நகை கெட்டுப்போனதாகக் கவலைப்பட வேண்டாம். விரிசல் விழாதவரை, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும்.

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். தோட்டின் தண்டு, திருகாணி, சங்கிலிக் கொக்கி போன்றவற்றை வேலை முடிந்தபின் சுமார் 300 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் அவை கெட்டிப்படும். 22 காரட் கொக்கி நாளடைவில் வாய் திறந்துகொள்ளும்; இப்படிக் கெட்டிப்பட்ட ரோஸ் கொக்கி திறக்காது. காய்ச்சி இளக்கிய நிலையிலேயே 18 காரட் ரோஸ் 22 காரட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடினம் என்பதால், மெல்லிய வேலைப்பாடு நசுங்காமல் நிற்கும்.

உருக்கும்போது

10 கிராம் சுத்தத் தங்கத்தில் 18 காரட் ரோஸ் செய்ய 2.97 கிராம் செம்பு, 0.37 கிராம் வெள்ளி சேர்க்க வேண்டும், மொத்தம் 13.3 கிராம் கிடைக்கும். செட்டிநாட்டில் நடைமுறை அப்படி இருப்பதில்லை. பழைய நகையை அழித்துச் செய்யச் சொல்வதே வழக்கம். ஒரு பவுன் 916 நகையை எடுத்துக்கொண்டால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். 18 காரட்டாக்க மொத்த எடை 9.77 கிராமுக்குப் போகலாம், அதாவது 1.77 கிராம் கலப்பு இடம் பிடிக்கும். அந்த இடத்தில் வெள்ளி போடாதீர்கள், முழுக்கச் செம்பாகவே போடுங்கள். பழைய நகையில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளி, சாயலை மென்மையாக்கப் போதும். பழைய கலப்பில் வெள்ளியும் செம்பும் பாதிப் பாதி என்றால், முடிவில் செம்பு இருபத்தொன்றரை சதவீதத்தை ஒட்டியும் வெள்ளி மூன்றரையை ஒட்டியும் வரும். அது நல்ல ரோஸ். 1.77 என்பதை 1.75-ஓடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஹால்மார்க் சோதனையில் 750-க்குக் கீழே ஒரு பங்கு இறங்கினாலும் நகை தேறாது.

பழைய நகை எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் பொடி, அதாவது பற்றவைக்கும் உலோகம், வைத்த இடங்கள் நிறைய இருக்கும், சிலவற்றில் கேடியம், சிலவற்றில் துத்தநாகம். கேடியம் என்று நாம் சொல்லும் காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகும். தங்கம் உருகும் முன்னரே அந்தப் புகை பட்டறையை நிரப்பும். நுரையீரலுக்கு அது நஞ்சு. கேடியம் நகையை உருக்கும்போது புகைபோக்கி இல்லாத அறையில் உட்காரக் கூடாது. ஈயம் இன்னும் மோசம். ஈயப் பற்று வைத்த பழைய கொக்கி ஒன்று தப்பி, உருக்கும் மூசைக்குள் போனால்கூட அதிலுள்ள ஈயம் மொத்தத் தங்கத்தையும் நொறுங்க வைக்கும். அழிக்கும் முன் கொக்கி, வளையம், அரக்கு எல்லாவற்றையும் பிரித்தெடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

செம்பு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மோட்டார் சுற்றிய கம்பி கிடைத்தால் வார்னிஷ் பூச்சு இருக்கும், பிளக் ஒயர் என்றால் முனையில் ஈயப் பற்று இருக்கும், கோயில் குட முலாம் அடித்த தகடு என்றால் என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பூச்சில்லாத, சுத்தமான மின்கம்பிச் செம்பே போதும். சுரண்டி, சிறு துண்டுகளாக வெட்டி, நீர்த்த அமிலத்தில் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். தங்கம் 1064 டிகிரியிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகும். சேர்த்தால் இரண்டையும்விடக் கீழே, 900 டிகிரியை ஒட்டி உருகும். முதலில் தங்கத்தையும் வெள்ளியையும் வெண்காரம் தூவி உருக்கி, பிறகு செம்பைச் சிறிது சிறிதாக விட்டு, கிராஃபைட் கம்பியால் கலக்கவும். செம்பைத் திறந்த தீச்சுடரில் முதலில் சூடாக்கினால் ஆக்சிஜனைக் குடித்துக்கொள்ளும். வார்த்த கட்டியில் ஊசித்துளை விழும், தகடாக்கும்போது தோல் உரியும். தீச்சுடரில் எரிவாயுவைச் சற்றே தூக்கலாக வைத்து, மேலே ஒரு கரித்துண்டு போட்டு மூடுவது பழைய கைவழக்கம். இன்றும் அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அச்சு வார்ப்புக்குக் கடைகளில் விற்கும் ரோஸ் அலாய்களில் சிலிக்கான் சேர்த்திருப்பார்கள். வார்ப்பு கறுக்காமல் பளபளவென்று வரும். ஆனால் அந்த அலாய் கலந்த மிச்சத்தையே திரும்பத் திரும்ப உருக்கினால் சிலிக்கான் ஓரிடத்தில் சேர்ந்து விரிசலுக்கு வழி செய்யும். பழையது பாதிக்கு மேல் போகக் கூடாது. தட்டித் தகடாக்கி, கம்பி இழுத்துச் செய்யும் கைவேலைக்குச் சிலிக்கான் அலாய் தேவையே இல்லை.

தேயும் மஞ்சள், தெரியும் கோடு

பற்றவைத்தபின் ரோஸ் நகை கறுத்துப்போயிருக்கும். செம்பு காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆவதுதான் அது. பற்றவைக்கும் முன்னரே போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்துப் பூசியிருந்தால் கறுப்பு குறையும். நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுக் கழுவியதும் நகை வெளியே வரும். ஆனால் ரோஸாக வராது, மங்கல் மஞ்சளாக வரும். நிறம் போய்விட்டதே என்று பதறுவார்கள். அமிலம் மேற்பரப்பில் இருந்த செம்பைக் கரைத்துவிட்டு, தங்கம் மிகுந்த மெல்லிய தோலை விட்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான். மெருகு போடும்போது அந்தத் தோல் போய் ரோஸ் வெளிவரும். சிக்கல், மெருகுச் சக்கரம் எட்டாத குழிகளில். அங்கே மஞ்சள் தங்கிவிடும், மேடுகள் ரோஸாகவும் பள்ளங்கள் மஞ்சளாகவும் ஒரே நகை இரு நிறத்தில் இருக்கும். நெருக்கமான பூ வேலைப்பாட்டுக்கு ரோஸ் அவ்வளவாகப் பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். அமிலத்தில் இரும்புக் குறடு விட்டு நகையை எடுக்கவும் கூடாது. கரைந்த செம்பு நகைமேல் செம்புப் படலமாகத் திரும்ப ஏறிவிடும். செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி வேண்டும்.

பொடி இன்னொரு தலைவலி. ரோஸ் 900 டிகிரியை ஒட்டி உருகுவதால், அதற்குக் கீழே உருகும் பொடிக்குக் கிடைக்கும் இடைவெளி குறைவு. தாழ்ந்த சூட்டில் உருகும்படி பொடியில் துத்தநாகமும் வெள்ளியும் கூட்டினால் நிறம் வெளிறி, பற்று வைத்த இடத்தில் மஞ்சள் கோடு தெரியும். மோதிரத்தின் அளவைப் பின்னால் பெரிதாக்கச் சொன்னால் இந்தக் கோடு அநேகமாகத் தெரியும். லேசர் வைத்து ஒட்டும் பட்டறையில் அதே கலப்புக் கம்பியைக் கொண்டே ஒட்டுவதால் கோடு வராது. ரோஸ் மோதிரம் வாங்கும்போது விரல் அளவைச் சரியாகக் கொடுப்பது மஞ்சள் மோதிரத்தைவிட இரண்டு மடங்கு முக்கியம்.

எந்தக் கல்லுக்கு, எந்த நகைக்கு

செட்டிநாட்டு நகைகள் வைரத்துக்கும் பர்மா சிவப்புக்கும் பேர் போனவை. ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் கல் அங்கிருந்து வந்தது; அந்தக் கற்களை மஞ்சள் தங்கத்தில், அடி மூடிக் கட்டுவதுதான் வழக்கம். சிவப்புக் கல்லை ரோஸில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சளுக்கு எதிரே தனித்து நிற்கும் சிவப்பு, ரோஸுக்குப் பக்கத்தில் அடங்கிப்போகிறது. வைரத்தில் கதை வேறு. புளூ ஜாகர் போன்ற உயர்ந்த வெள்ளை வைரத்தை ரோஸில் கட்டுவது வீண். நகையின் சாயல் கல்லுக்குள் தெரியும். மெல்லிய மஞ்சள் அல்லது பழுப்பு ஓடும் வைரம் என்றால் ரோஸ் அந்தக் குறையை மறைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கற்கள் விலையும் குறைவு என்பதால், 18 காரட் ரோஸ் மோதிரத்தில் அவற்றைக் கட்டுவது சாமர்த்தியமான சிக்கனம். நல்ல வெள்ளை வைரம்தான் வேண்டும், உடல் ரோஸாகவே இருக்க வேண்டும் என்றால், கல்லைப் பிடிக்கும் கால்களை மட்டும் வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ செய்துகொள்ளலாம். முத்தும் ரோஸும் பொருந்தும்.

கழுத்துரு, தாலி போன்ற முறை நகைகளில் ரோஸுக்கு வேலை இல்லை. வழக்கத்தைத் தவிரச் செய்பொருள் காரணமும் உண்டு. கழுத்துருவில் கோக்கும் உருப்படிகள் ஒரே நிறமாக இருக்க வேண்டும். தலைமுறை கடந்து ஒன்று தேய்ந்தோ தொலைந்தோ போனால் மாற்று செய்து சேர்ப்பார்கள். 22 காரட் மஞ்சளுக்கு ஒத்த நிறம் எந்தக் காலத்திலும் கிடைக்கும். ரோஸில் இரண்டு உருக்குக்கு நடுவே வெள்ளி ஒரு சதவீதம் மாறினாலே பக்கத்தில் வைக்கும்போது கண் காட்டிக்கொடுக்கும். ரோஸ் பொருந்துவது அன்றாட மோதிரம், மெல்லிய சங்கிலி, பிரேஸ்லெட், வாட்ச் பட்டை, சிறு தோடு ஆகியவற்றுக்கு. வெள்ளைத் தங்கத்தில் சில சமயம் கலக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் காது புண்ணாகிறவர்களுக்கும் ரோஸ் நல்ல மாற்று.

முலாம்

22 காரட் நகைக்கு ரோஸ் நிறம் வேண்டுமென்றால் இருக்கிற ஒரே வழி மின்முலாம். தங்கமும் செம்பும் கரைந்த நீர்மத்தில் நகையைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மேலே மெல்லிய ரோஸ் படலம் படியும். இது ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, முலாம் என்று சொல்லி விற்கிறவரை. மின்முலாம் அறிவுக்குச் செட்டிநாடு வெளியூரை எதிர்பார்க்கவும் தேவையில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் அமைந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கையாளும் துறைகளில் மின்முலாமும் ஒன்று.

தேய்மானம்தான் கேள்வி. நகைக்கடை முலாம் பல சமயம் ஒரு மைக்ரான் கனத்துக்கும் குறைவு. காதோடு தொங்கும் ஜிமிக்கியில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் கையின் மோதிரத்தில் சில மாதங்களில் அடிப்பக்கம் மஞ்சளாகிவிடும். சோதித்துப் பார்க்க, மோதிரத்தின் உள்வட்டத்தையும் தோட்டின் தண்டு அடியையும் பாருங்கள். அடிக்கடி உரசும் இடத்தில் நிறம் மாறியிருந்தால் முலாம். எக்ஸ்ரே கருவியில் வைத்துக் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது பார்ப்பது மேலே சில மைக்ரான் ஆழம்தான்.

உரைகல்லும் ரோஸில் கவனமாகக் கையாள வேண்டியது. மஞ்சள் தங்கத்துக்கான உரையாணியோடு, அதாவது காரட் தெரிந்த ஒப்பீட்டு ஊசியோடு, ஒப்பிட்டு ரோஸ் கோட்டின் மாற்றைச் சொன்னால் தவறாகிவிடும். செம்பு மிகுந்த கலப்பில் செய்த உரையாணி வேண்டும். கல் பதிக்காத, உள்ளே கூடு இல்லாத நகை என்றால் தண்ணீர் எடை இன்னும் நேர்மையானது. 18 காரட் ரோஸின் அடர்த்தி சுமார் 15.1, 22 காரட்டுக்குச் சுமார் 17.7. பத்து கிராம் மோதிரத்தை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 22 காரட்டில் 0.56 கிராமை ஒட்டியும் 18 காரட் ரோஸில் 0.66 கிராமை ஒட்டியும் எடை குறையும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு இருந்தால் போதும்.

அணிகிறவர் கவனத்துக்கு

வியர்வையில் உப்பு உண்டு, காற்றில் கந்தகம் உண்டு. செம்பு இரண்டுக்கும் மசியும். ரோஸ் நகை வருடங்களில் சற்றுக் கருஞ்சிவப்பாவது இயல்பு. ரோலக்ஸ் 2005 முதல் தன் ரோஸ் கலப்பில் சிறிது பிளாட்டினம் சேர்ப்பது நிறம் நிற்க வேண்டும் என்பதற்காகவே. நமக்கு அதைவிடப் பெரிய எதிரி பிளீச்சிங் பவுடர். தொட்டித் தண்ணீரில் தூக்கலாகப் போட்டாலும், தரை துடைக்கும் குளோரின் திரவத்தில் கை வைத்தாலும், நீச்சல் குளத்தில் இறங்கினாலும், குளோரின் செம்பைத் தேடிப் பிடித்துக் கரைக்கும். மேலே நிறம் வெளிறுவது சின்ன விஷயம். கல்லைப் பிடிக்க வளைத்து இறுக்கிய கால்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடி, ஒரு நாள் கல் உதிர்ந்துவிடும். அந்த வேலைகளுக்கு முன் மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும்.

செம்புக் குடத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிற கை, ரோஸ் நகையையும் அப்படியே தேய்க்கப் போகும். வேண்டாம். புளியின் அமிலமும் உப்பின் குளோரைடும் சேர்ந்தால் மேற்பரப்புச் செம்பு போய் மஞ்சள் திட்டு விழும். பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரும், குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷும் போதும். பல்பொடி கீறும்.

பவுன் கணக்கு

கல்யாணப் பேச்சில் “இத்தனை பவுன்” என்று எழுதும்போது எந்தக் காரட் என்பதை யாரும் எழுதுவதில்லை. 22 என்று எல்லாருக்கும் தெரிந்ததாக வைத்துக்கொள்கிறோம். ரோஸ் அதை மாற்றிவிடுகிறது. 10 பவுன் 22 காரட்டில் சுத்தத் தங்கம் 73.28 கிராம். அதே 10 பவுன் 18 காரட்டில் 60 கிராம். வித்தியாசம் 22 காரட் கணக்கில் ஏறக்குறைய 1.8 பவுன். 18 காரட்டில் சமம் செய்ய 12.2 பவுன் எடை வேண்டும். பிற்பாடு மனஸ்தாபம் வராமலிருக்க ரோஸ் உருப்படிகளைச் சிட்டையில் தனி வரியில், காரட்டோடு எழுதிவிடுவது நல்லது.

விலையிலும் இதேதான். கணக்குக்காகச் சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 காரட் 9,160, 18 காரட் 7,500. செம்பின் விலை கணக்கிலேயே வராது. ஒரே அச்சில் செய்த வளையல் 22 காரட்டில் 16 கிராம் என்றால் 18 காரட் ரோஸில் 13.7 கிராமை ஒட்டித்தான் இருக்கும், ஏனென்றால் அடர்த்தி குறைவு. அதனால் ரோஸ் நகை பெரிதாகத் தெரிந்தும் விலை குறைந்து வரும். அந்த மிச்சத்தைச் செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு தின்கின்றன என்று பில்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடகு வைக்கும்போது வங்கி 22 காரட் விலைக்கு மாற்றிக் கணக்கிடும். 8 கிராம் ரோஸ் அங்கே ஆறரை கிராம் சொச்சம்தான். பழையது போட்டுப் புதியது வாங்கும்போதும் கடைக்காரர் இதே கணக்கைத்தான் போடுவார். எந்தக் கடையில் வாங்கினோமோ அங்கேயே மாற்றினால் ரோஸுக்கு நட்டம் குறையும், வேறு கடைகள் உருக்கிச் சோதித்துத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கும் நகையில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, காரட்டும் பங்கும், ஆறு எழுத்து எண் கலந்த ஹெச்யூஐடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ரோஸுக்கு நீங்கள் தேட வேண்டியது 18கே750 அல்லது 14கே585. 2025-இல் 9 காரட்டுக்கும் முத்திரை வந்துவிட்டது, அது 375. அதில் பாதிக்கு மேல் தங்கமே இல்லை, ரோஸ் நிறமோ அருமையாக வரும். கண்ணை நம்பி வாங்கினால் இங்கேதான் ஏமாறுவோம். ஹெச்யூஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் காரட் தெரிந்துவிடும். 22கே916 என்று முத்திரையும் ரோஸ் நிறமும் சேர்ந்து வந்தால் முலாம் என்று தெரிந்துகொண்டு, மறுமுலாம் போட எவ்வளவு என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, சிறு தோடு, பிள்ளைகள் மோதிரம் எல்லாம் இதில் வரும், ரோஸ் அதிகம் விற்பதும் இந்த எடையில்தான். பில்லில் ‘ரோஸ் கோல்டு’ என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது. காரட், நிகர எடை, கல் எடை, முலாமா இல்லையா என்று நான்கும் எழுத வேண்டும். காரட் எழுத மறுத்தால் அதை 14 என்று எண்ணி விலை பேசுங்கள்.